மூன்று விநாடி எரிந்து அணையும் குளத்து ஹீட்டர்

கேள்வி: வீட்டு நீச்சல் குளத்துக்கு கேஸ் ஹீட்டர் வைத்திருக்கிறோம். நான்கு வருடமாகத் தொந்தரவு தந்ததில்லை. இடையில் ஆறேழு மாதம் குளத்தைப் பயன்படுத்தவில்லை. போன வாரம் போட்டுப் பார்த்தால் எரிய மறுக்கிறது. பம்ப் ஓடுகிறது. ஹீட்டரின் ஃபேன் சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பார்க்கும் துளையில் நீல வெளிச்சம் தெரிகிறது. மூன்று விநாடிகூட நிற்பதில்லை, அணைந்துவிடுகிறது. இப்படி மூன்று தடவை செய்துவிட்டு ‘இக்னிஷன் ஃபெயிலியர்’ என்று காட்டிப் படுத்துக்கொள்கிறது. அதுவே இக்னிஷன் என்று சொல்கிறதே என்று இக்னைட்டரைப் புதிதாக வாங்கி மாட்டினேன். பலன் இல்லை. பிரஷர் சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் எரியும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்து பார்க்கலாமா?

பதில்: செய்யாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் பாதி விடை ஏற்கெனவே இருக்கிறது. ஃபேன் சுற்றியது, ‘டக்’ என்றது, நீல வெளிச்சம் வந்தது என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிற பெரும்பாலான கடிதங்களில் “ஹீட்டர் எரியவில்லை, என்ன பார்ட் மாற்ற வேண்டும்?” என்று ஒரே வரிதான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கேஸ் ஹீட்டர் ஒரு வரிசைப்படி வேலை செய்யும் பொருள். ஒரு படி சரியாக முடிந்தால்தான் அடுத்ததற்குப் போகும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால், அதற்கு முந்தைய படிகளில் உள்ள எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவற்றைக் கழற்றவே வேண்டாம்.

உங்களுடையது போன்ற ஃபேன் வைத்த ஹீட்டரில் அந்த வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்று தெர்மோஸ்டாட் சொல்கிறது. தண்ணீர் ஓடுகிறதா என்று பிரஷர் சுவிட்ச் பார்க்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறவில்லையே என்று ஹை லிமிட் சுவிட்சுகள் பார்க்கின்றன. அப்புறம் ஃபேன் ஓடி, உள்ளே தங்கியிருக்கக்கூடிய பழைய கேஸை வெளியே தள்ளுகிறது. காற்று ஓட்டம் சரியென்று ஏர் சுவிட்ச் சொன்ன பிறகு இக்னைட்டருக்கு மின்சாரம் போய் அது கனன்று சிவக்கிறது, சில மாடல்களில் பொறி தட்டுகிறது. அதற்கப்புறம்தான் கேஸ் வால்வு திறக்கும். நீங்கள் கேட்ட ‘டக்’ அதுதான். கேஸ் பற்றிக்கொண்டதும், நெருப்பு நிஜமாகவே இருக்கிறதா என்று போர்டு, அதாவது ஹீட்டரை இயக்கும் எலக்ட்ரானிக் அட்டை, சோதிக்கும். சில விநாடிகளுக்குள் அதற்கு ருசு கிடைக்காவிட்டால் வால்வை மூடிவிடும். மூன்று முறை முயன்று மூன்றும் தோற்றால் பூட்டிக்கொள்ளும்.

இப்போது உங்கள் ஹீட்டரை இதில் பொருத்திப் பாருங்கள். வால்வு வரை வந்துவிட்டதால் பிரஷர் சுவிட்ச் ஏற்கெனவே “சரி” சொல்லிவிட்டது. அந்த வயரை முறுக்கினாலும் முறுக்காவிட்டாலும் இந்தக் கோளாறு அப்படியேதான் இருக்கும். நெருப்பு பற்றுகிறது என்றால் பழைய இக்னைட்டரும் தன் வேலையைச் செய்திருக்கிறது. போர்டு ‘இக்னிஷன் ஃபெயிலியர்’ என்று காட்டுவது “பற்றவில்லை” என்று சொல்வதற்காக அல்ல, “பற்றியதா என்று எனக்குத் தெரியவில்லை” என்று சொல்வதற்காக. இந்தப் பெயரை வைத்தவர் மேல் எனக்குப் பல வருடக் கோபம். இதனால் வீணாக மாற்றப்பட்ட இக்னைட்டர்களுக்குக் கணக்கே கிடையாது.

ஆக, பார்க்க வேண்டியவை இரண்டு. நெருப்பு நன்றாக இருந்தும் போர்டுக்கு அது தெரியாமல் போகலாம். அல்லது நெருப்பே நிலைக்காமல் போகலாம். எது என்று கண்ணாலேயே பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஹீட்டரின் மூடி எல்லாம் மாட்டியபடியே, பார்க்கும் துளை வழியாகக் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். நெருப்பு நீலமாக, அசையாமல், பர்னர் முழுக்கப் பரவி நின்று, சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று போனால் போர்டுதான் வால்வை மூடுகிறது. அதற்கு நெருப்பு தெரியவில்லை. அணைவதற்கு முன்பே நெருப்பு சுருங்கினால், பர்னரை விட்டு எழும்பித் துள்ளினால், ஒரு பக்கம் மட்டும் பற்றி மறுபக்கம் பற்றாமல் இருந்தால், கேஸ் வரத்திலோ காற்றிலோ குறை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு முதலாவது என்றே படுகிறது.

நெருப்பு இருப்பதை போர்டு எப்படித் தெரிந்துகொள்கிறது என்று சொன்னால் மற்றது எளிதாகப் புரியும். சூட்டை அளந்து அல்ல. நெருப்புக்கு மின்சாரத்தைக் கடத்தும் குணம் கொஞ்சம் உண்டு. பர்னருக்கு மேலே நெருப்பில் நனைகிறாற்போல ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைப் பீங்கானில் செருகிய, பென்சிலைவிட மெல்லிய கம்பி. அதுதான் ஃபிளேம் சென்சர். போர்டு அந்தக் கம்பிக்கு ஏசி மின்சாரம் அனுப்புகிறது. கம்பி சிறியது, எதிரே உள்ள பர்னர் பெரியது. அதனால் நெருப்பு வழியாக ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் மிகக் குறைவாகவும் மின்சாரம் பாய்ந்து, கடைசியில் ஒரு துளி டிசி மிஞ்சுகிறது. துளி என்றால் துளிதான்: சில மைக்ரோ ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு. நெருப்பு இல்லாமல் வயர் தவறுதலாக எங்காவது உரசினாலும் இப்படி ஒருபக்கமாகப் பாயாது. அதனால் போர்டை ஏமாற்ற முடியாது. நல்ல யோசனைதான்.

ஆனால் இவ்வளவு சின்ன மின்சாரத்தைத் தடுக்கப் பெரிய தடை தேவையில்லை. கம்பியின் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சாம்பல் பூச்சு ஒன்று படிந்தாலே போதும். நான்கு வருடம் எரிந்து, அப்புறம் ஆறேழு மாதம் ஈரக் காற்றில் சும்மா நின்ற கம்பியில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எனவே முதல் வேலை அதைச் சுத்தம் செய்வது. ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். கேஸ் வால்வையும் மூடுங்கள். கடைசியாக முயன்று குறைந்தது ஐந்து நிமிடம் போகட்டும். சென்சரை ஒரு ஸ்குரூவோ இரண்டோதான் பிடித்திருக்கும். கழற்றும்போது பீங்கானைப் பிடித்து நெம்பாதீர்கள், விரிசல் விட்டுவிடும். வெளியே எடுத்ததும் கம்பியை மெல்லிய ஸ்டீல் வுல்லால் பளிச்சென்று உலோக நிறம் வரும்வரை தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள். கரடுமுரடான உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறல்களில் அடுத்த பூச்சு சீக்கிரமாக வந்து உட்காரும். பீங்கானை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் மின்சாரம் அதன் வழியாகக் கசிந்துவிடும். தேய்த்துப் பயனில்லை, சென்சரையே மாற்ற வேண்டும். கம்பி வளைந்து நெருப்பை விட்டு விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில மாடல்களில் தனிக் கம்பி இருக்காது, இக்னைட்டரே சென்சராகவும் வேலை செய்யும். உங்கள் ஹீட்டர் அந்த வகையா என்பது மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தைப் பார்த்தால் தெரியும். அந்த வகையானால், புது இக்னைட்டர் மாட்டிய பிறகும் சரியாகவில்லை என்பதால் சந்தேகம் நேராக அடுத்ததற்குப் போகிறது.

அது எர்த். ஆட்கள் மறந்துபோகும் இடம் இதுதான். சென்சரிலிருந்து நெருப்பு வழியாக பர்னருக்குப் போன மின்சாரம் போர்டுக்குத் திரும்பி வர வேண்டும். வருகிற வழி பர்னர், ஹீட்டரின் உடம்பு, எர்த் வயர். அந்தப் பச்சை வயரைப் பிடித்திருக்கும் ஸ்குரூ துருப்பிடித்திருந்தால் சென்சர் தங்கத்தால் செய்ததாக இருந்தாலும் பயனில்லை. குளோரின் கலந்த காற்றில் நிற்கிற பெட்டி. திருகு வெளிப் பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் காப்பித்தூள் போலப் பழுப்புத் துரு கொட்டும். இரண்டு முகத்தையும் சுரண்டி மறுபடி இறுக்குங்கள். போர்டிலிருந்து சென்சருக்குப் போகும் வயரின் இரண்டு முனைகளையும் கையோடு ஒருமுறை கழற்றி மாட்டிவிடுங்கள்.

மைக்ரோ ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர் உள்ள டெக்னீஷியன் வந்தால் இந்த ஊகம் எதுவும் தேவையில்லை. சென்சர் வயரைப் பிரித்து நடுவில் மீட்டரை இணைத்து, பற்றவைத்து, எண்ணைப் படிப்பார். எவ்வளவு வர வேண்டும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் அளக்கச் சொல்லுங்கள். எண் துள்ளி ஏறினால் நோய் அதுதான். கம்பி பளபளவென்று இருந்து, எர்த் நன்றாக இருந்து, எண்ணும் சரியாக வந்து, அப்போதும் மூடுகிறது என்றால் மட்டுமே போர்டின் மேல் கை வைக்கலாம். போர்டு கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. விற்பவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவதும் அதைத்தான்.

சரி, நெருப்பு துள்ளியோ சுருங்கியோ அணைந்தால்?

அப்போது கேஸ். உங்கள் கடிதத்தில் குழாய் வழி வரும் கேஸா, சிலிண்டரா என்று எழுதவில்லை, அதனால் இரண்டையும் சொல்கிறேன். குளத்து ஹீட்டரின் பசியை யாரும் சரியாக உணர்வதில்லை. 2,50,000 பிடியூ ஹீட்டர் நடுத்தர அளவுதான். கிலோவாட்டில் சொன்னால் அது 73. சமையலறை அடுப்பின் பர்னர் ஒன்று சுமார் இரண்டரை கிலோவாட் என்று வைத்தால், ஏறக்குறைய முப்பது பர்னரை ஒரே நேரத்தில் முழுத் தீயில் எரிப்பதற்குச் சமம். சிலிண்டரில் வரும் புரொப்பேனில் அது மணிக்குச் சுமார் ஐந்து கிலோவைத் தின்னும். ஒற்றைச் சிலிண்டரில் ஐந்து கிலோ இருக்கலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவு திரவம் ஆவியாக முடியாது. ஆவியாக வெப்பம் வேண்டும், அதைத் தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொண்டு சிலிண்டர் குளிர்ந்துபோகும். வெளியே பனி படிந்திருப்பதைப் பார்க்கலாம். முதலில் எரியும், அப்புறம் மூச்சு வாங்கும். இன்னொன்று, சிலிண்டர் வால்வை விருட்டென்று திறந்தால், கசிவு என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும் ரெகுலேட்டர்கள் உண்டு. மூடிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மெதுவாகத் திறந்து பாருங்கள்.

குழாய் கேஸில் ஒரு வீடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாலையில்தான் ஹீட்டர் அணையும் என்று கூப்பிட்டார்கள். இரண்டு தடவை மத்தியானம் போனேன். இரண்டு தடவையும் சமர்த்தாக எரிந்தது. மூன்றாம் தடவை வேண்டுமென்றே மாலையில் போய், ஹீட்டரின் நுழைவாயிலில் மானோமீட்டரை மாட்டினேன். தண்ணீர் மட்டம் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பார்த்து கேஸ் அழுத்தத்தைச் சொல்லும் கருவி அது. குழாய் கேஸுக்கு 7 அங்குலம், புரொப்பேனுக்கு 11 அங்குலம் என்பது வழக்கமான அளவு. சும்மா இருக்கும்போது 7 காட்டியது. ஹீட்டர் பற்றியதும் 5-க்கு வந்தது. அதே சமயம் மாடியில் யாரோ குளிக்க வெந்நீர் திறந்தார்கள். மட்டம் என் கண் முன்னாலேயே 3-க்கு இறங்கியது, நெருப்பு எழும்பி, ஒரு நடுங்கு நடுங்கி, போய்விட்டது. ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள் வரும் குழாய் அத்தனை பேருக்கும் போதாத அளவு மெலிசு, அவ்வளவுதான். அழுத்தத்தை எரியும்போது அளக்காமல் நிற்கும்போது அளந்து “கேஸ் நன்றாக வருகிறது” என்று சொல்லிவிட்டுப் போகிறவர் பாதி வேலைதான் செய்தார். உங்கள் ஹீட்டருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பது அதன் உடம்பில் உள்ள தகட்டிலேயே எழுதியிருக்கும். அளப்பதும் சரிசெய்வதும் கேஸ் வேலைக்கு உரிமம் உள்ளவர் செய்ய வேண்டியவை. கேஸ் வால்வில் ஒரு சின்ன ஸ்குரூ “என்னைத் திருகு” என்று கூப்பிடும். திருகாதீர்கள்.

ஆறேழு மாதம் சும்மா இருந்தது என்பதால் பூச்சிகளையும் நினைக்க வேண்டியிருக்கிறது. சிலந்திக்கு பர்னரின் காற்றுத் துளையும் கேஸ் வரும் நுண்துளையும் குடியிருக்க வசதியான இடங்கள். எரிபொருள் வாடை சில சிலந்திகளைக் கவரும். 2011-ல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது, பெட்ரோல் டேங்க்கின் காற்றுக் குழாயில் சிலந்தி வலை கட்டியதால். கார் கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் நம் ஹீட்டர் எம்மாத்திரம். வலை ஒரு நூலளவு இருந்தாலும் கேஸும் காற்றும் கலக்கும் விகிதம் கெட்டு, உடனே பற்றாமல், கொஞ்சம் கேஸ் சேர்ந்த பிறகு ஒரேயடியாகப் பற்றும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஹீட்டரின் முன்மூடியைக் கழற்றிவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து பற்றவைத்தேன். இரண்டு முறை பற்றவில்லை. பொறுமையில்லாமல் உடனே மூன்றாவது முறை. ‘டமார்’ என்றது. வலது கை முடி முழுக்கப் பொசுங்கி, புருவத்தில் பாதி போயிற்று. உள்ளே பார்த்தால் நகக்கண் அளவுக்கு ஒரு வலை. இரண்டு முயற்சிக்கு நடுவே ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்வதும், மூடியை மாட்டிவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்வதும் அதனால்தான். உங்கள் ஹீட்டர் பற்றும்போது ‘பொஃப்’ என்று குலுங்கினால் அத்துடன் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இனி அந்த வயர் விஷயம். பிரஷர் சுவிட்ச் செய்வது ஒரே வேலை: பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அதை முறுக்கி விட்டுவிட்டு, ஒருநாள் ஃபில்டர் அடைத்து அல்லது பம்ப் நின்று தண்ணீர் ஓடாமல் போனால், உள்ளே செம்புக் குழாய்களில் நிற்கும் கொஞ்சத் தண்ணீரின் மேல் அந்த முப்பது அடுப்பும் எரியும். ஹை லிமிட் காப்பாற்றலாம். அதுவும் பழுதாகியிருந்தால் நீராவிதான். அப்படி முறுக்கி டேப் சுற்றிய ஹீட்டர் ஒன்றைத் திறந்திருக்கிறேன். வெளியே போகும் பிவிசி குழாய் வெயிலில் வைத்த மெழுகுவத்தி மாதிரி துவண்டு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. யோசனை சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். வேறு யாருக்கோ எரிந்திருக்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு வேறு படிகளில் நின்றிருக்கலாம், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் மெயின், ஃபியூஸ், 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், டைமர். அதற்கும் முன்னால், செட் செய்த வெப்பம் தண்ணீரின் வெப்பத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே போன வீடுகள் உண்டு. தண்ணீர் ஓட்டம் இல்லை என்று காட்டினால் பத்துக்கு ஒன்பது நேரம் ஹீட்டரைத் தொடவே வேண்டாம்: பம்ப் கூடையில் இலை, அடைத்த ஃபில்டர், குளத்து நீர்மட்டம் ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரைக் குப்பையோடு உள்ளிழுக்கும் திறப்பு) வாய்க்குக் கீழே, பாதி மூடிய வால்வு, அல்லது மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தை மிகவும் குறைத்து வைத்த பம்ப். ஃபேன் சுற்றி அத்தோடு நின்றால் ஏர் சுவிட்சின் ரப்பர் குழாய், அல்லது புகைபோக்கியில் கூடு. இக்னைட்டர் சிவந்தும் கேஸ் பற்றவில்லை என்றால் மூடியே கிடக்கும் கேஸ் வால்வு, அல்லது நீண்ட நாள் நின்றதால் குழாயில் புகுந்த காற்று. எப்போதும் சின்னதாகப் பைலட் எரியும் பழைய வகையில் பைலட் நின்று பெரிய பர்னர் வராமல் போனால், பைலட் சூட்டில் மின்சாரம் தரும் தெர்மோபைல் களைத்திருக்கும். நல்ல நிலையில் அது 750 மில்லிவோல்ட் வரை தரும்.

கேஸ் வாடை வந்தால் இதில் எதுவும் பொருந்தாது. சுவிட்ச் போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது. வெளி வால்வை மூடிவிட்டு விலகிப் போய், அங்கிருந்து போன் செய்யுங்கள். புரொப்பேன் காற்றைவிட கனமானது, பள்ளத்திலும் பம்ப் குழியிலும் தேங்கி நிற்கும். நின்ற உயரத்தில் மூக்குக்கு எட்டாமலே இருக்கலாம். ஹீட்டரின் மேல் பக்கம் கரி படிந்திருந்தாலும் போடாதீர்கள், அது சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கக்குவதன் அடையாளம்.

நீங்கள் சென்சரையும் எர்த் ஸ்குரூவையும் சுத்தம் செய்து மாட்டியதும் கேஸைத் திறந்து, மின்சாரம் கொடுத்து, ஒருமுறை போட்டுப் பாருங்கள். எரிந்து பத்து நிமிடத்தில் அடியில் தண்ணீர் சொட்டினால் பதற வேண்டாம். குளம் மிகவும் குளிர்ந்திருக்கும்போது புகையிலுள்ள ஈரம் குழாய்களில் வியர்த்துக் கொட்டும், தண்ணீர் சூடாக ஆக நின்றுவிடும். மூன்று விநாடியில் மறுபடி அணைந்தால் மறுபடி எழுதுங்கள். கேஸ் எந்த வகை, நெருப்பு எப்படி அணைந்தது, தகட்டில் என்ன மாடல் எண் என்ற மூன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம், கழற்றிய பழைய இக்னைட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது நல்லதாகவே இருக்கும். கனலும் பகுதியில் விரல் படாமல், துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கீழே விழுந்தால் சுக்குநூறாகிவிடும்.